யாரைக் களத்தில் இறக்குவது?

கால்பந்து ஆடுவோர் சிலர். அதைச் சுற்றி நின்று பார்ப்போர் பலர். ஆடாமலும் ஓடாமலும் அறையில் அமர்ந்தபடியே அணி நடத்துவோர் இந்நாளில் கோடிக்கணக்கானோர். இந்த மூன்றாம் வகையினர் நம் விடுதிகளிலும் இருக்கின்றனர். சனிக்கிழமை பிற்பகல் ஆனால் போதும், கைப்பேசியும் கையுமாகத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, “அண்ணே, இவனைப் போடவா? அவனைப் போடவா?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவ்வாறு கேட்கப்படுவோருள் நானும் ஒருவன். ஆளுக்கொரு விடை சொல்லிக் கொண்டிருப்பதைவிட, விடை காணும் வழியை நம் மன்றத்து இதழில் எழுதிவிடுவது நலம் என்று எனக்குத் தோன்றியது.

இது வெறும் பொழுதுபோக்கு; இதற்கு ஒரு கட்டுரையா என்று தமிழ்த்துறை நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இருக்கும் ஆட்கள் பலர்; இடமோ சில; நாளை நடப்பது இன்று தெரியாது; ஆயினும் இன்றே முடிவு செய்தாக வேண்டும். இந்த நிலை கால்பந்துக்கு மட்டும் உரியதன்று. நாடகத்துக்கு நடிகரைத் தெரிவதிலும், பேச்சுப் போட்டிக்கு ஆளனுப்புவதிலும், நாளைக்கு ஓர் அலுவலகத்தில் பணிக்கு ஆளெடுப்பதிலும் இதே நிலைதான். விளையாட்டில் பழகிய அறிவு வாழ்க்கையில் உதவாமற் போகாது.

விளையாட்டின் வரலாறும் விதியும்

‘பேன்டசி கால்பந்து’ என்பதைத் தமிழில் கற்பனைக் கால்பந்து என்று சொல்லலாம். இது பிறந்த இடம் அமெரிக்கா. 1962-இல் ஓக்லண்டு ரெய்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான வின்கன்பாக் என்பவரும் அவர் நண்பர்கள் சிலரும் சேர்ந்து இதை வகுத்தார்கள். உண்மையான வீரர்களை ஏலம் எடுப்பதுபோல் தாளில் பங்கிட்டுக்கொண்டு, அவர்கள் களத்தில் சாதிப்பதற்கேற்பத் தம்முள் புள்ளி கணக்கிட்டுக் கொண்டனர். 1990-களில் இங்கிலாந்தில் நம் வகைக் கால்பந்துக்கும் இது வந்து சேர்ந்தது. இப்போது நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆடுவது இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கை ஒட்டி 2002 முதல் நடந்துவரும் கட்டணமில்லாப் போட்டி. அதில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அணி வைத்திருக்கிறார்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூறு மில்லியன் பவுன் என்று ஒரு கற்பனைப் பணம் தருவார்கள். அதைக் கொண்டு 15 பேரை வாங்க வேண்டும்: கோல்காவலர் 2, பின்வரிசையார் 5, நடுவரிசையார் 5, முன்வரிசையார் 3. ஒரே சங்கத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் இந்த 15 பேரில் 11 பேரைக் களத்தில் இறக்கி, 4 பேரை வெளியில் அமர்த்த வேண்டும். இறக்கிய 11 பேர் பெறும் புள்ளியே நமக்குச் சேரும். வெளியில் இருப்பவன் நான்கு கோல் போட்டாலும் நமக்குப் பயனில்லை.

2025–26 பருவத்து விதிகளின்படி, 60 நிமிடமாவது ஆடினால் 2 புள்ளி. அதற்குக் குறைவாக ஆடினால் 1. முன்வரிசையான் போடும் கோலுக்கு 4, நடுவரிசையானுக்கு 5, பின்வரிசையானுக்கு 6. கோல் போடத் துணைசெய்தால் 3. எதிரி கோலே போடாத ஆட்டத்தில் 60 நிமிடம் நின்ற பின்வரிசையானுக்கும் கோல்காவலருக்கும் 4. மஞ்சள் அட்டை வாங்கினால் 1 குறையும். சிவப்பு அட்டைக்கு 3 குறையும். பதினொருவரில் ஒருவனைத் தலைவனாக்கினால் அவன் புள்ளி இரட்டிக்கும். இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. நம் ஆராய்ச்சிக்கு இவை போதும்.

பதினைந்தும் பதினொன்றும்

நண்பர்களிடம் நான் காணும் முதற்குழப்பம், நல்ல ஆட்டக்காரன் யார் என்பதும் இந்த வாரம் இறக்கத் தக்கவன் யார் என்பதும் ஒரே கேள்வி என்று எண்ணிக் கொள்வது. இரண்டும் வேறு. முன்னது 15 பேரை வாங்கும்போது கேட்க வேண்டியது. பின்னது ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டியது.

வள்ளுவர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர். ஆளை ஆராய்ந்து நம்புவதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார், அது 51-ஆவது. நம்பியவனை எந்த வேலையில் ஏவுவது என்பதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று மற்றோர் அதிகாரம் வைத்தார், அது 52-ஆவது. இவ்விரண்டுக்கும் முன்னே நிற்பவை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவை. யாரை இறக்குவது என்று தலையைச் சொறியும் நண்பர் இந்த அதிகாரப் பெயர்களை மட்டும் வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயரை விட்டு எண்ணைப் பார்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

‘அ’ என்பவன் முன்வரிசையான், நாடறிந்தவன், மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் போடுபவன். ‘ஆ’ என்பவன் பின்வரிசையான், அவன் பெயரைக் கேட்டால் “யார் அவன்?” என்பீர்கள். ஆனால் அவனுடைய அணி இந்த வாரம் வலுவில்லாத எதிரியைச் சந்திக்கிறது. எதிரி கோல் போடாமலிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இருவரும் முழு ஆட்டமும் ஆடுவது உறுதி. இருப்பதோ ஓரிடம். யாரைப் போடுவது?

‘அ’ ஆடியதற்கு 2 புள்ளி. கோலுக்கு 4 புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.33. மொத்தம் 3.33. ‘ஆ’ ஆடியதற்கு 2 புள்ளி. கோல் விடாமைக்கு 4 புள்ளியில் பாதி, அதாவது 2. மொத்தம் 4. பெயர் தெரியாத பின்வரிசையானே இந்த வாரத்துக்கு உரியவன். பத்து நண்பர்களிடம் கணக்குக் காட்டாமல் கேட்டால் ஒன்பது பேர் முன்வரிசையானையே சொல்வார்கள். கோல் போடுவது கண்ணுக்குத் தெரிகிறது. கோல் விடாமல் காப்பது தெரிவதில்லை. நம் கண் புகழின் பக்கம் சாய்வது இயல்பு. அந்தச் சாய்வைத் திருத்தவே எண் வேண்டியிருக்கிறது.

ஆடுவானா என்பதே முதற்கேள்வி

எவ்வளவு நன்றாக ஆடுவான் என்று கேட்பதற்குமுன், ஆடுவானா என்று கேட்க வேண்டும். களத்துக்கு வராதவனின் திறமையால் யாருக்கும் பயனில்லை. காயம், அட்டைத் தடை, வாரத்தில் இரண்டு ஆட்டம் வந்ததால் தரப்படும் ஓய்வு, பயிற்சியாளரின் மனமாற்றம் என்று வராமைக்குக் காரணங்கள் பல.

இதில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. நாம் இறக்கியவன் ஒரு நிமிடங்கூட ஆடவில்லையென்றால், வெளியில் இருப்பவருள் ஒருவன், அணியின் அமைப்பு விதி இடம் கொடுத்தால், தானாகவே உள்ளே வந்துவிடுவான். ஆனால் நம்மவன் 85-ஆம் நிமிடத்தில் வந்து ஐந்து நிமிடம் ஓடினாலும் அது ஆட்டமாகவே கணக்கிடப்படும். 1 புள்ளியோடு அவ்விடம் அடைபட்டுவிடும்.

‘இ’ என்று ஒரு பெரிய வீரன். முழு ஆட்டம் ஆடினால் சராசரி 6 புள்ளி பெறுவான் என்று கொள்வோம். காயம் ஆறி வந்திருக்கிறான். முதலிலிருந்தே ஆடப் பாதி வாய்ப்பு. நம்மிடம் வெளியில் இருப்பவன் முன்சொன்ன ‘ஆ’. அவன் மதிப்பு 4. பெரிய வீரன் முதலில் இறங்காவிட்டால் ஆடவே மாட்டான் என்றால், அவனை இறக்குவதன் மதிப்பு என்ன? ஆறில் பாதி 3, ‘ஆ’ உள்ளே வருவதால் நான்கில் பாதி 2, ஆக 5. துணிந்து இறக்கலாம். முதலில் இறங்காவிட்டால் கடைசியில் சில நிமிடம் வருவான் என்றால்? ஆறில் பாதி 3, ஒன்றில் பாதி அரை, ஆக 3.5. அப்போது ‘ஆ’ வையே நேரே இறக்குவது நன்று. ஆள் ஒருவனே, திறமை ஒன்றே, வாய்ப்பும் ஒன்றே. ஆயினும் அவனுடைய பயிற்சியாளரின் வழக்கம் எது என்பதைப் பொறுத்து நம் விடை மாறிவிடுகிறது.

முடிவை எப்போது செய்வது என்பதும் இதோடு சேர்ந்தது. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடத்துக்குமுன் வாயில் மூடப்படும். இங்கிலாந்தில் சனிக்கிழமை நண்பகல் 12.30 மணி ஆட்டம் முதலாட்டமானால், அவர்களுடைய கோடைக்கால நேரப்படி நமக்கு மாலை 3.30 மணி; குளிர்காலத்தில் 4.30 மணி. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பு செய்தியாளரைச் சந்தித்துக் காயச்செய்தி சொல்வார்கள். செவ்வாய்க்கிழமையே முடிவுசெய்து பெட்டியை மூடிவிடுபவர் அந்தச் செய்தியைத் தாமாகவே இழக்கிறார். காலமறிதல் என்பது பொறுத்திருக்கவும் தெரிந்திருத்தலே.

இத்தனையும் செய்தாலும் விபத்து நேரத்தான் செய்யும். குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜை நம்மில் அறியாதவர் குறைவு. கடற்கரை மணலிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் வரை உயர்ந்த தமிழர். 2020 நவம்பர் 20 அன்று கோவாவில் பருவத்தின் முதலாட்டம். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஏ.டி.கே. மோகன் பகான் அணியில் அவர் முதல் பதினொருவருள் ஒருவராக இறங்கினார். கால் மணி நேரத்திற்குள் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அன்று தாளில் அவரை இறக்கியிருந்தவர் எவரும் பிழை செய்தவர் அல்லர். அறியக்கூடியதை எல்லாம் அறிந்து செய்த முடிவு, அறியமுடியாத ஒன்றால் தோற்றால் அதை முடிவின் குற்றம் என்று சொல்லக்கூடாது.

நேற்றைய தலைப்பை நம்பலாமா?

சென்ற வாரம் மூன்று கோல் போட்டவனை இந்த வாரம் எல்லோரும் ஓடிப்போய் வாங்குகிறார்கள். இது சரியா என்பதற்கு நம் காரியவட்டத்திலேயே நடந்த கதையொன்று உண்டு. பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த கிரீன்ஃபீல்டு அரங்கில் 2015 டிசம்பரிலும் 2016 சனவரியிலும் தெற்காசியக் கால்பந்துப் போட்டி நடந்தது. இந்தியா நான்கு ஆட்டம் ஆடிக் கோப்பையை வென்றது.

முதல் ஆட்டத்தில் இலங்கையை 2–0 என்று வென்றோம்; இரண்டு கோலும் ராபின் சிங் போட்டவை. அடுத்து நேபாளத்தை 4–1 என்று வென்றோம். அதில் 18 வயது சாங்டே 2, ரவுலின் போர்ஜஸ் 1, சுனில் சேத்ரி 1. அரையிறுதியில் மாலத்தீவை 3–2 என்று வென்றோம். ஜெஜெ 2, சேத்ரி 1. இறுதியில் ஆப்கானிஸ்தானைக் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்றோம். ஜெஜெ 1, சேத்ரி 1.

ஒரு நண்பர் ஒவ்வோர் ஆட்டத்தின் மறுநாளும் நாளேட்டின் தலைப்பைப் பார்த்து ஆளை மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். ராபின் சிங்கைப் பார்த்து அவரை இரண்டாம் ஆட்டத்துக்கு எடுத்தார், கோல் இல்லை. சாங்டேயைப் பார்த்து அவரை அரையிறுதிக்கு எடுத்தார், கோல் இல்லை. ஜெஜெயைப் பார்த்து இறுதிக்கு எடுத்தார், ஒரு கோல். மூன்று ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்று. மற்றொரு நண்பர் சேத்ரியை எடுத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்திருந்தார் என்றால், முதலாட்டத்தில் ஏமாந்தும் அசையாதிருந்த அவருக்கு அதே மூன்று ஆட்டத்தில் மூன்று கோல்.

நான்கே ஆட்டத்தை வைத்துப் பெரிய உண்மையை நிறுவ முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சேத்ரியை நம்பக் காரணம் அந்த நான்கு ஆட்டம் அன்று. அதற்கு முன்னைய பத்தாண்டு. இந்தியாவுக்காக 90-க்கும் மேற்பட்ட கோல் போட்டு முடித்தவர் அவர். நெடுங்கால வழக்கம் ஒரு பக்கம், நேற்றைய நிகழ்ச்சி ஒரு பக்கம் என்று தராசில் வைத்தால், நெடுங்கால வழக்கத்தின் தட்டே தாழ வேண்டும். நேற்றைய நிகழ்ச்சிக்கு எடை தர வேண்டுமானால் கோலை மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை முறை கோல் முகத்தில் பந்தைப் பெற்றான், எவ்வளவு நெருக்கத்திலிருந்து அடித்தான், அணியின் பெனால்டியை அடிப்பவன் அவனா என்று பாருங்கள். பெனால்டி ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகும். ஆகவே அதை அடிக்கும் உரிமை பெற்றவன் ஓட்டத்தில் கோல் போடாத வாரங்களிலும் கைகொடுப்பான்.

இடமும் எதிரியும்

சொந்த மைதானத்தில் ஆடுபவனுக்குச் சற்று வலு கூடும் என்பது பழைய அனுபவம். அந்த வலு எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தா, மக்களிடமிருந்தா? கொரோனாக் காலத்தில் அரங்குகள் வெறிச்சோடிக் கிடந்த 2020–21 பருவத்தில் பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றிகளைவிட வெளிமைதான வெற்றிகள் மிகுதியாயின. இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் அதுவரை அப்படி நேர்ந்ததில்லை. கூட்டத்தின் குரலுக்கு எவ்வளவு ஆற்றல் என்பதை இது காட்டுகிறது. எனவே இருவர் சமமாகத் தோன்றும்போது சொந்த மைதானத்தில் ஆடுபவனைப் போடுக. ஆனால் சமமல்லாதபோது இதைப் பெரிதாக்கற்க. சிறந்த வீரனை வெளிமைதானத்துக்குப் போகிறான் என்பதற்காக அமர்த்திவிட்டு, சொந்த மைதானத்தில் ஆடும் நடுத்தர வீரனை இறக்குவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகும்.

ஜெசின் தரும் பாடம்

2022 ஏப்ரல் 28 அன்று மஞ்சேரி பையநாடு அரங்கில் சந்தோஷ் கோப்பை அரையிறுதி; கேரளமும் கர்நாடகமும் மோதின. கேரளப் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் முன்வரிசையில் விக்னேஷை இறக்கினார்; டி.கே. ஜெசினை வெளியில் அமர்த்தினார். கர்நாடகம் முதலில் கோல் போட்டது. 30-ஆம் நிமிட அளவில் பயிற்சியாளர் விக்னேஷை எடுத்துவிட்டு ஜெசினை அனுப்பினார். இடைவேளைக்குள் ஜெசின் 3 கோல் போட்டார். ஆட்டம் முடிவதற்குள் 5. கேரளம் 7–3 என்று வென்றது. பின்பு இறுதியில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கோப்பையையும் பெற்றது.

நம் கற்பனை விதியில் அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டால், விக்னேஷுக்கு 1 புள்ளி. ஜெசினுக்குக் கோல் வகையில் மட்டும் 20. ஜெசினை வெளியில் வைத்தவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆட்டத்துக்குமுன் அவரிடம் இருந்த செய்தி என்ன? ஜெசினை நாள்தோறும் பயிற்சியில் பார்த்த பயிற்சியாளரே அவரை முதலில் இறக்கவில்லை. அப்படியிருக்க, தொலைவிலிருந்து தாளில் அணி வைத்தவர் அவரை இறக்காதது எப்படித் தவறாகும்?

இங்கே உண்மைப் பயிற்சியாளருக்கும் நமக்கும் உள்ள வேற்றுமையையும் காண வேண்டும். அவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு மனத்தை மாற்றிக்கொண்டார். அந்த வசதி அவருக்கு உண்டு. நமக்கோ வாயில் மூடிவிட்டால் மூடியதுதான். ஆகவே நாம் கணக்கிட வேண்டியது இன்னும் கூடுதல்.

இதனால் நான் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழைய குறிப்பேட்டில், வாயில் மூடுமுன், யாரை இறக்கினேன், யாரை அமர்த்தினேன், ஏன் என்று ஒவ்வொரு வரி எழுதி வைப்பேன். ஆட்டம் முடிந்தபின் புள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைப் படிப்பேன். காரணம் சரியாயிருந்து முடிவு கெட்டால் வருந்துவதில்லை. காரணம் சொத்தையாயிருந்து முடிவு நன்றாயிருந்தால் மகிழ்வதுமில்லை. ஆட்டம் முடிந்தபின் எல்லாரும் அறிவாளிகளே. முன்பே எழுதிவைத்த வரிதான் நம் உண்மையான அறிவைக் காட்டும்.

தலைவனும் தரவரிசையும்

தலைவனாக யாரை வைப்பது என்பது இதே கேள்வியின் பெரிய உருவம். 1973-இல் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது, இறுதியில் ரயில்வே அணிக்கு எதிராகக் கேரளம் போட்ட 3 கோலும் அணித்தலைவர் மணியின் கோல்களே. முன்வரிசையான் என்று கொண்டால் கோலுக்கு 12, ஆடியதற்கு 2, ஆக 14. தலைவன் என்பதால் 28. அத்தகைய நாள் அடிக்கடி வருவதில்லை. ஆகவே தலைவனைத் தெரியும்போது, இன்று ஆடுவது உறுதி, பெனால்டி அடிப்பவன், எதிரி வலுவற்றவன் என்ற மூன்றும் கூடியவனையே தெரிக.

ஒரே ஆள் எல்லாருக்கும் ஏற்றவனாக இருப்பானா? மாட்டான். நம் நண்பர் குழுவில் நீங்கள் முன்னணியில் இருந்தால், பின்னால் வருபவர் இறக்கும் ஆளையே நீங்களும் இறக்குங்கள். அவன் எத்தனை கோல் போட்டாலும் இருவருக்கும் இடையே உள்ள தொலைவு மாறாது. நீங்கள் பின்தங்கியிருந்தால் அதே ஆளை இறக்கிப் பயனில்லை. மதிப்பு சற்றுக் குறைந்தாலும் அவரிடம் இல்லாதவனை இறக்கினால்தான் முந்த முடியும். முன்னிருப்பவன் காக்கிறான், பின்னிருப்பவன் துணிகிறான். இருவருக்கும் விடை வேறு வேறாவது இயல்பே.

பணம் நுழைந்தால்

இதுவரை சொன்னது பணமில்லாத ஆட்டம். தோற்றவர் கழக்கூட்டத்தில் நால்வருக்குத் தேநீர் வாங்கித் தருவதோடு முடிவது. ஆனால் சில ஆண்டுகளாக நம் நாட்டில் பணம் கட்டி ஆடும் கற்பனைப் போட்டிகள் பெரிதும் பரவியிருந்தன. 2017-இல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் இவ்வகை ஆட்டம் திறமையைப் பொறுத்தது என்று தீர்ப்பளித்தது; அதன்பின் விளம்பரங்கள் வீதிதோறும் நிறைந்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை எல்லாம் தடைசெய்தது.

சட்டம் வருமுன் நடந்த ஒன்றை இங்கே சொல்வது கடமை. என் வகுப்பு நண்பன் ஒருவன், நல்ல அறிவாளி, வீட்டிலிருந்து உணவுக் கட்டணத்துக்கு வந்த பணத்தை ஐம்பது, நூறு என்று இவ்வாறு கட்டத் தொடங்கினான். ஆள் தெரியும் திறமை அவனுக்கு என்னைவிட மிகுதி. ஆயினும் மாத முடிவில் கை வெறுமையாயிற்று. எப்படி? கட்டும் பணத்திலிருந்து நடத்துவோர் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மீதியைத்தான் வென்றோர் பங்கிடுவார்கள். எல்லாரும் சமத் திறமையுடையோர் என்றால் எல்லாரும் சேர்ந்து நட்டப்படுவது உறுதி. சற்றுக் கூடிய திறமை அந்தப் பங்கை ஈடுசெய்யவே போதாது. ஓர் ஆட்டத்தில் நல்ல கணக்கும் தோற்கக்கூடும் என்று மேலே கண்டோம். பணமில்லா ஆட்டத்தில் அத்தோல்வி ஒரு சிரிப்போடு போகும். பணம் வைத்தவனோ விட்டதைப் பிடிக்க அடுத்த ஆட்டத்துக்கு ஓடுவான். அப்போது கணக்கு மறையும், ஆத்திரம் ஆளைத் தெரியும். நண்பர்களாகச் சேர்ந்து அவனுடைய உணவுக் கட்டணத்தைக் கட்டினோம். சட்டத்தைச் சுற்றி வேறு வழியில் அழைப்பு வருகிறது என்று சில இளையவர்கள் சொல்லக் கேட்கிறேன். தம்பிமார்களே, அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

உண்மைக் களத்தில்

இறுதியாக, தாளை விட்டு மண்ணுக்கு வருவோம். இரண்டாண்டுகளாக நம் மன்றத்துக் கால்பந்து அணிக்கு ஆள் தெரியும் மூவருள் நானும் இருக்கிறேன். நம் மாணவர்களில் நீரோடி, தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைத் தம்பிகளும் உண்டு. எல்லைக்கு இப்பால் பொழியூர் எப்படியோ அப்படியே அப்பாலும் பந்தோடு பிறந்தவர்கள் என்று சொல்லத் தக்கவர்கள். பதினொரு இடத்துக்குப் பதினாறு பேர் வந்து நிற்பார்கள்.

கற்பனைக் கால்பந்தில் கற்றவற்றுள் பெரும்பாலானவை இங்கும் உதவின. பெயரைப் பாராமல் எண்ணைப் பார்ப்பது, நேற்று ஒருநாள் ஆடியதைவிட ஒரு மாதம் ஆடியதை மதிப்பது, எதிரியைப் பார்த்து ஆளை மாற்றுவது ஆகிய யாவும் உதவின. பின்வரிசையில் ஓசையில்லாமல் ஆடும் ஒரு தம்பிக்கு இந்தக் கணக்கால்தான் இடம் கிடைத்தது. அவன் கோல் போட்டதேயில்லை. ஆனால் அவன் நின்ற ஆட்டங்களில் நாம் வாங்கிய கோல்கள் குறைவு.

ஒன்று மட்டும் தாளில் கற்க முடியாதது. தாளில் வெளியே அமர்த்தியவன் நம்மை ஏன் என்று கேட்பதில்லை. நம் மைதானத்தில் அமர்த்தியவன் கேட்பான். சென்ற பருவத்தில் ஓர் ஆட்டத்தின் முந்தின நாள் மாலை முதலாண்டுத் தம்பி ஒருவன் அருகில் வந்து, “அண்ணே, நாளைக்கு நான் வெளியில தானா?” என்றான். “ஆமாம் தம்பி. அவங்க உயரமான ஆளுங்க. தலையால அடிக்கிற பந்துதான் அவங்களுக்கு எல்லாம். நாளைக்கு உயரமானவன் ஒருத்தன் வேணும். அடுத்த ஆட்டம் வேகமான அணியோடு, அதுல நீதான்” என்றேன். அவன் முகம் முழுவதும் மலர்ந்துவிடவில்லை. ஆனாலும் மறுநாள் காலணி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றான். அடுத்த ஆட்டத்தில் முதற் பதினொருவருள் ஒருவனாக இறங்கவும் செய்தான்.

ஆகவே, யாரை இறக்குவது என்று என்னைக் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. ஆடுவானா என்று முதலில் கேளுங்கள். எதிரி யார், இடம் எது என்று அடுத்துக் கேளுங்கள். நெடுநாள் வழக்கத்துக்கு எடை கொடுங்கள். எண்ணைப் போட்டுப் பாருங்கள். காரணத்தை எழுதுங்கள். காலம் உள்ளவரை காத்திருந்து, பின் துணிந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் அமர்த்துவது ஒரு பெயரை அன்று, ஒரு மனிதனை என்றால், எழுதிய காரணத்தை அவனிடமே போய்ச் சொல்லுங்கள். சொல்லக் கூசும் காரணமாயிருந்தால், அது நல்ல காரணமன்று.